எடுத்தாச்சு என்ற பிறகு பிரிக்காதே

நான் இரண்டு ஆஸையும் மடித்த கதையை உங்களில் பாதிப் பேர் என் வாயாலேயே கேட்டிருக்கிறீர்கள். மீதிப் பேர் கேட்டவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நம் போக்கர் குழுவில் யார் புதிதாகச் சேர்ந்தாலும் முதல் வாரத்திலேயே அந்தக் கதை அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இப்போது அதை நானே திருத்த வேண்டியிருக்கிறது. ஆட்டத்தை விட்டு ஓய்ந்தாயிற்று. கண்ணாடி இரண்டு தடவை மாறிவிட்டது. உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வருவதில்லை, எழுந்தால் உட்கார இடம் தேடுகிறேன். இந்த அலுப்பில் ஒரு பொய்யையும் சேர்த்துச் சுமக்க முடியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் தென்னேரியிலிருந்து நம் குழுப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். பொறியியல் படித்தவள். கணக்கில் என்னைத் தூக்கிச் சாப்பிட்டுவிடுவாள். கோவாவில் ஒரு போட்டியில் ஆடிவிட்டு, பையைக்கூட வீட்டில் வைக்காமல் நேராக இங்கே வந்திருந்தாள். என் மனைவி வழக்கமான இடத்தில் உட்கார்ந்து பட்டுப் புடவைக்குக் குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். முந்தானை ஓரத்தில் தொங்கும் நூலைப் பிரித்துப் பிரித்து முடிச்சுப் போடுகிற வேலை. முப்பது வருஷமாக அதுதான் அவள் தொழில்.

"இன்னாமா, கோவா போய் வந்த மூஞ்சியா இது?" என்றேன்.

"ராஜா ரெண்டு வந்துச்சுண்ணே. மடிச்சிட்டேன்."

"எப்ப?"

"ஆரம்பிச்சு ஒரு மணி நேரம்கூட ஆவல. முன்னாடி ஒருத்தன் மொத்தத்தையும் உள்ள தள்ளிட்டான். எனக்கு உங்க ஞாபகம்தான் வந்துச்சு. அண்ணன் ஆஸையே மடிச்சாரு, நாம ராஜாவை மடிக்க மாட்டமான்னு ஸ்டைலாத் தூக்கிப் போட்டுட்டேன்."

"அவன் இன்னா வச்சிருந்தான்?"

"ஒம்போது ஜோடி. திருப்பிக் காட்டிச் சிரிச்சான்ணே. அதுக்கப்புறம் ஒரு நல்ல கை வரல எனக்கு. தேஞ்சு தேஞ்சு வெளிய வந்துட்டேன். நான் மடிச்சது சரிதானேண்ணே?"

என் மனைவி நூலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. வரிசையில் ஒரு முடிச்சு தப்பாக விழுந்திருந்தால் அதைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

புதிதாக வந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. நம் ஆட்டத்தில் ஒவ்வொரு சுற்றிலும், அதைத்தான் கை என்கிறோம், ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துத் தருவார்கள்; பிறகு நடுவில் ஐந்து சீட்டை எல்லோருக்கும் பொதுவாகத் திறப்பார்கள். கையில் வந்ததைப் பார்த்துவிட்டு சிப்ஸ் என்கிற பந்தய வில்லைகளை வைத்து ஆடலாம், வேண்டாம் என்றால் திருப்பிப் போட்டுவிடலாம். திருப்பிப் போடுவதை ஊரெல்லாம் ஃபோல்டு என்கிறார்கள். நாம் மட்டும்தான் மடிக்கிறது என்கிறோம். அது நான் பட்டுக்கடையிலிருந்து கொண்டுவந்த வார்த்தை. கடையில் புடவையைப் பிரித்துப் போடுவதற்குப் பத்து பேர் வருவார்கள். மடிக்கிறவன்தான் வேலைக்காரன். மோசமான சீட்டை மடிக்க யாரும் யாருக்கும் சொல்லித்தரத் தேவையில்லை. இரண்டு ஆஸ், இரண்டு ராஜா, இப்படிக் கைக்கு வந்த பெரிய சீட்டை எப்போது மடிப்பது என்பதில்தான் ஆட்களே கவிழ்ந்துபோகிறார்கள். அதை எனக்குச் சொல்லித் தந்தவர் வாழ்நாளில் சீட்டைக் கையால் தொடாதவர்.

எங்கள் கடைக் கவுண்டரில் மூத்த விற்பனையாளர் அவர். எல்லோருக்கும் பாய். அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கல்யாணப் பார்ட்டி மெத்தையில் உட்கார்ந்து, நாற்பது ஐம்பது புடவை பிரித்துப் பார்த்து, கடைசியில் பெண்ணின் அம்மா ஒரு புடவையை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு "எடுத்தாச்சு" என்பார் பாருங்கள், அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பாய் "பஸ்" என்பார். உருது வார்த்தை. போதும் என்று அர்த்தம். நாங்கள் விரித்துக் கிடக்கிற அத்தனையையும் மடிக்கத் தொடங்கிவிட வேண்டும். வெளியூர்க்காரர்கள் சிலர் தங்கள் பஸ்ஸுக்குத்தான் நேரமாகிவிட்டதென்று செருப்பைத் தேடியதும் உண்டு.

நான் சேர்ந்த புதிதில் மாகறல் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. இரண்டு மணி நேரம் பார்த்து ஓர் அரக்குப் புடவையை அந்த அம்மா கண்ணில் ஒற்றிக்கொண்டார். எடுத்தாச்சு என்றார். பாய் அந்தப் பக்கம் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார். அன்று காலையில்தான் தறியிலிருந்து மயில்கழுத்து நிறத்தில் ஒரு புடவை வந்திருந்தது. அதன் மேல் எனக்கு ஒரு மயக்கம். "வாங்க வேணாம்மா, சும்மா கண்ணால பாருங்க" என்று அதைப் பிரித்தேன்.

பெண் அதைப் பார்த்தாள். பெண்ணின் அத்தை, "இதுவுந்தான் நல்லாருக்குது" என்றார். அம்மாவுக்குச் சுருக்கென்றது. "அப்போ நான் எடுத்தது நல்லா இல்லையா? எங்க வூட்டுல எது எடுத்தாலும் உனக்கு இப்படித்தான்" என்றார். அத்தை பதிலுக்குப் பழைய சீமந்தத்துக் கதையை எடுத்தார். பெண் அழுதாள். "சாயந்திரம் வர்றோம்" என்று எழுந்து போனவர்கள் எதிர்க்கடைக்குள் நுழைந்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

பாய் வந்தார். திட்டவில்லை. இரண்டு புடவையையும் அவரே மடித்தார்.

"நல்ல புடவை தம்பி இது" என்றார்.

"ஆமா பாய்."

"அதான் தப்பு. மட்டமான புடவையைப் பிரிச்சிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. அவங்களே தள்ளி வச்சிருப்பாங்க. நீ நல்லதைப் பிரிச்ச, அதான் கெட்டுது. எடுத்தாச்சுக்கு அப்புறம் பிரிக்காதே."

இருபது வருஷம் அந்தக் கவுண்டரில் நின்றேன். அந்தத் தப்பை மறுபடி கடையில் செய்ததில்லை. கடைக்கு வெளியே செய்தேன்.

செல்போனில் ஆட்ட வீடியோக்களைப் பார்த்து நானாகக் கற்றுக்கொண்டவன் நான். இங்கிலீஷ் பாதி புரியும், மீதியைச் சீட்டைப் பார்த்து யூகித்துக்கொள்வேன். நாலைந்து வருஷத்தில் ஆன்லைன் போட்டிகளில் ஓரளவு நிலைத்து நிற்க முடிந்தது. கடையை விட்டுவிட்டு இதையே தொழிலாகச் செய்யலாமா என்று மனசு அரிக்க ஆரம்பித்தது. 'காஞ்சிபுரம் போனால் காலாட்டிப் பிழைக்கலாம்' என்று ஒரு பழமொழி உண்டல்லவா? தறிப் பள்ளத்தில் காலாட்டுவதைச் சொன்னது அது. பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "பழமொழிய நீதான்பா காப்பாத்தற, நாற்காலியில உக்காந்துக்கினு காலாட்டறியே" என்பார்.

மனைவிக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அதை அவள் மறைக்கவும் இல்லை. ஆனாலும் ஒரு வழி சொன்னாள். ஆடி மாதம் முகூர்த்தம் கிடையாது, பட்டுக் கவுண்டரில் கூட்டம் இருக்காது. முதலாளியிடம் கேட்டு அந்த ஒரு மாதம் விடுப்பு வாங்கச் சொன்னாள்.

"ஆடி முடியறதுக்குள்ள அந்த கோவா பெரிய போட்டியில ஒரு இடம் வாங்கிக் காட்டுங்க. வாங்கிட்டா நீங்க ஆட்டக்காரர், நான் வாயே தொறக்க மாட்டேன். வாங்கலன்னா ஆவணி முத முகூர்த்தத்துக்குக் கவுண்டர்ல நிக்கணும். சரியா?"

"சரி."

"சாமி மேல சத்தியம்லாம் வேணாம். நூலு மேல கை வச்சி சொல்லுங்க."

வைத்துச் சொன்னேன்.

அந்த இடம் சாட்டிலைட் என்கிற ஆன்லைன் போட்டியில் கிடைக்கும். இதைக் கவனமாகப் படியுங்கள், தென்னேரிப் பெண் சறுக்கியதும் இந்த வித்தியாசத்தில்தான். சாதாரணப் போட்டியில் முதலாவது வந்தவனுக்குப் பெரிய பரிசு, அடுத்தடுத்தவனுக்குக் குறைந்துகொண்டே போகும். சாட்டிலைட்டில் அப்படி இல்லை. ஐந்து பேருக்கு கோவா போக இடம் என்றால், ஐந்து பேருக்கும் ஒரே மாதிரி இடம்தான். மலைபோல் சிப்ஸ் குவித்தவனுக்கும் அதே நாற்காலி, ஒற்றை சிப்ஸோடு ஐந்தாவதாக ஒட்டிக்கொண்டவனுக்கும் அதே நாற்காலி.

ஆடி கடைசி ஞாயிறு, மத்தியானம். ஆறு பேர் மிச்சம், ஐந்து இடம். எனக்குக் கையில் நிறைய சிப்ஸ் இருந்தது. என்னைவிட அதிகம் வைத்திருந்தவன் ஒருத்தன்தான். கடைசியில் இருந்தவன் நாலைந்து சிப்ஸோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கட்டாயப் பந்தயம் கட்டியே தீர்ந்துவிடுவான், இன்னும் இரண்டு கை தாங்கினால் அதிகம். அப்போது எனக்கு இரண்டு ராஜா வந்தது. முதலிடத்தில் இருந்தவன் மொத்தத்தையும் உள்ளே தள்ளினான். நான் யோசிக்கக்கூட இல்லை. ராஜா இரண்டு பேர் வாசலுக்கு வந்திருக்கிறார்கள், நிற்கவைத்தே திருப்பி அனுப்புவதா? ஆடினேன். அவனிடம் ஓர் ஆஸும் ஓர் ஏழும் இருந்தன. நடுவில் திறந்த சீட்டில் இன்னோர் ஆஸ் விழுந்தது. நான் ஆறாவதாக வெளியே வந்தேன்.

மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவன் ஐந்தாவதாக கோவா போனான். அந்தக் கடைசிக் கால்மணி நேரம் அவன் ஒன்றுமே செய்யவில்லை. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்திருந்தாலும் அவனுக்கு இடம் கிடைத்திருக்கும்.

ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கவுண்டரில் நின்றேன். யாரும் கேலி செய்யவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. மத்தியானச் சாப்பாட்டில் பாய் தன் டிபன்பாக்ஸைத் திறந்தபடி கேட்டார்.

"இன்னா தம்பி ஆச்சு அங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

சொன்னேன்.

"இரு, இரு. அஞ்சு பேருக்கும் ஒரே பரிசா?"

"ஆமா பாய்."

"மொதல் ஆளுக்குக் கூடுதலா ஒண்ணும் இல்லையா? ஒரு கட்டப்பைகூட இல்லையா?"

"இல்ல பாய்."

"ஒருத்தன் தானா விழப்போறான். நீ சும்மா இருந்தா ஒனக்கு ஒரு இடம்."

"ஆமா."

"அப்ப எடுத்தாச்சு." சோற்றைப் பிசைந்தவர் கையை நிறுத்தினார். "அப்புறம் எதுக்குப்பா பிரிச்ச?"

"ராஜா ரெண்டு பாய், நல்ல சீட்டு" என்று முனகினேன்.

"மயில்கழுத்தும் நல்ல புடவைதான்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க பஸ் சொல்றதுக்கு ஆளு இல்லையா?" என்று கேட்டார்.

"தனியா உக்காந்து ஆடறது பாய். யாரும் இருக்க மாட்டாங்க."

"அது கஷ்டந்தான்" என்று சொல்லிவிட்டு எனக்கு ஒரு துண்டு மீன் எடுத்து வைத்தார்.

அன்று வீட்டுக்கு வந்து மனைவியிடம் பாய் கேட்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

அந்த வருஷம் எப்படிப் போனது என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. போனது, அவ்வளவுதான். புடவை பிரித்தேன், மடித்தேன், சாப்பிட்டேன், படுத்தேன். மறுபடி ஆடி வந்தபோது நான் வாயைத் திறக்கவே இல்லை. அவளேதான், "இந்த ஒரு ஆடியும் பார்த்துடுங்க" என்றாள். நிபந்தனை அதேதான். முதலாளி மட்டும் இந்தத் தடவை கொஞ்சம் கறாராகச் சொன்னார்: முதல் முகூர்த்தத்தன்று நான் கவுண்டரில் இல்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள். அப்படியென்றால் கோவா இடம் கிடைத்தால் கடை போகும், கிடைக்காவிட்டால் ஆட்டம் போகும். நடுவில் நிற்க இடமில்லை.

அந்த ஆடியிலும் கடைசி ஞாயிறுவரை இழுத்தது. மத்தியானம். மறுபடி ஆறு பேர், ஐந்து இடம். மறுபடி ஒருத்தன் கடைசியில் தவித்துக்கொண்டிருந்தான். மனைவி என் பின்னால் சுவரோரம் உட்கார்ந்து குஞ்சம் கட்டிக்கொண்டிருந்தாள். எனக்கு இரண்டு சீட்டு வந்தது. இரண்டு ஆஸ். அதற்கு மேல் சீட்டு கிடையாது. முதலிடத்தில் இருந்தவன் மொத்தத்தையும் தள்ளினான்.

"இன்னா வந்துக்குது?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆஸ் ரெண்டு."

"கடைசி ஆளு எவ்ளோ வச்சிக்கினு இருக்கான்?"

"அடுத்த கை தாங்க மாட்டான்."

"அப்ப எடுத்தாச்சுதானே?"

"இது வேற. போன வருஷம் ராஜா. இது ஆஸு."

கணக்கு எனக்குத் தெரியாமல் இல்லை. இரண்டு ஆஸ் இன்னொரு கைக்கு எதிராகப் போனால் சராசரியாக ஆறு தடவையில் ஐந்து தடவை ஜெயிக்கும். ஆறாவது தடவை நான் வெளியே. மடித்தாலோ, ஏறக்குறைய வெளியே போகவே மாட்டேன். ஜெயித்தாலும் எனக்குக் கூடுதலாகக் கிடைப்பது ஒன்றுமில்லை. கட்டப்பைகூட இல்லை. எல்லாம் தெரியும். தெரிந்தே அம்புக்குறியை ஆடு என்கிற பொத்தானுக்குக் கொண்டுபோனேன். தெரிவது தலையில் இருக்கிறது, ஆடுவது கையில் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் வெகுதூரம்.

அந்த நேரத்தில் தலைக்கு மேல் ஃபேன் நின்றது. திரையில் இணைப்பு இல்லை என்று வந்தது.

"கரண்ட்டு போச்சே!" என்று கத்தினேன்.

"ஆடிக்காத்துல அம்மியே பறக்குது, கம்பி நிக்குமா?" என்றாள் அவள்.

லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. நெட் மட்டும்தான் வேண்டும். "ஃபோன் எங்க?" உள்ளறையில் சார்ஜில் போட்டதாகச் சொன்னாள். உள்ளே ஓடினேன். இல்லை. சமையலறையில் பார்த்தேன். இல்லை. பக்கத்து வீட்டு டிவியில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தது என்னைப் பார்த்தே சிரித்த மாதிரி இருந்தது. கடைசியில் அவள் பக்கத்தில் கிடந்த புடவைக் குவியலுக்கு அடியிலிருந்து ஃபோன் வந்தது. நெட்டைப் போட்டு உள்ளே போனேன்.

அந்தக் கை முடிந்திருந்தது. ஆளைக் காணவில்லை என்றால் இயந்திரம் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, தானே மடித்துவிடும். என் இரண்டு ஆஸையும் அது மடித்திருந்தது. தள்ளியவனை யாரும் எதிர்க்கவில்லை, அதனால் அவன் என்ன வைத்திருந்தான் என்று இன்றுவரை தெரியாது. அடுத்த கையில் கடைசியில் இருந்தவன் விழுந்தான். வாழ்த்துகள், உங்களுக்கு கோவாவில் இடம் என்று திரையில் வந்தது. கொஞ்ச நேரத்தில் ஃபேனும் சுற்றியது.

"வந்துடுச்சு பாருங்க" என்றாள். எதைச் சொன்னாளோ.

கோவாவில் இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்பே வெளியே வந்துவிட்டேன். ஆனால் அந்த மேசையில் உட்கார்ந்தேன். அங்கே தமிழ் பேசுகிற ஒருத்தன், எப்படி இடம் பிடித்தீர்கள் என்று கேட்டான். "ஆறு பேர் இருக்கறப்போ ஆஸ் ரெண்டையும் மடிச்சேன்" என்றேன். அவன் எழுந்து நின்று கைகுலுக்கினான். மடிஞ்சுது என்று சொல்லியிருக்க வேண்டும். மடிச்சேன் என்று வந்துவிட்டது. ஒரு வார்த்தை இடறியது, அவ்வளவுதான். பத்து வருஷம் என் பெயர் அந்த ஒரு வார்த்தையில் நின்றது. நம் குழு ஆரம்பித்ததும், நீங்கள் என்னைத் தேடி வந்ததும் அதனால்தான்.

அதற்குப் பிறகு நானாகவும் சில பெரிய கைகளை மடித்திருக்கிறேன். அதை யாரும் கதையாகச் சொல்வதில்லை. ஒரு தடவை இரண்டு ராணியை மடித்தேன். நடுவில் மூன்றாவது ராணி வந்து விழுந்தது. ஆடியிருந்தால் ஜெயித்திருப்பேன். மடித்ததும் சரிதான். இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்கும் என்பதை ஏற்றுக்கொள்ளவே பல வருஷம் பிடிக்கிறது. மனிதனை அலுக்கவைப்பது அதுதான். தோல்வி அல்ல.

சரி, தென்னேரிப் பெண்ணுக்கு வருகிறேன்.

"சரியில்லமா" என்றேன். "நீ ஆடினது சாட்டிலைட் இல்ல. ஒரு மணி நேரம்கூட ஆவல. அங்க யாரும் எடுத்தாச்சுன்னு சொல்லல. உங்க ஊரு ஏரியையே எடுத்துக்கோ. நிரம்பி கலங்கல்ல வழியறப்போ மழை வேணாம்னு சொல்லலாம். ஏரி காஞ்சு கெடக்கறப்போ வர்ற மழைக்குக் குடை பிடிப்பாங்களா? ராஜா ரெண்டையும் நீ ஆடியிருக்கணும்."

"நீங்க ஆஸை மடிச்சீங்களேண்ணே?"

அவள் கண்ணைப் பார்த்தேன். அடுத்த போட்டியிலும் இவள் என்னை நினைத்துக்கொண்டு எதையாவது தூக்கிப் போடுவாள். கோவாவில் கைகுலுக்கியவனோடு போயிருக்க வேண்டிய பொய் இவள் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

"நான் மடிக்கலமா" என்றேன். "ஆடப் போனேன். அம்புக்குறி பொத்தான் மேலயே இருந்துச்சு. கரண்ட்டு போச்சு. மெஷின் மடிச்சுது. நான் மடிச்சதா சொல்லிக்கினேன்."

பின்னாலிருந்து என் மனைவி நிதானமாக, "கரண்ட்டு எங்க போச்சு?" என்றாள்.

"இன்னா?"

"பக்கத்து வூட்டு டிவி ஓடிக்கினு இருந்துச்சு. ஒங்க காதுல வுழலையா?"

நான் திரும்பினேன். அவள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு நேர் மேலே, எட்டுகிற உயரத்தில், வீட்டு மெயின் சுவிட்ச். முப்பது வருஷமாக அது அங்கேயேதான் இருக்கிறது.

"நீயா?"

"பாய் கேட்டாருன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க? அங்க பஸ் சொல்றதுக்கு ஆளு இல்லையான்னு. நான் இருந்தேன்ல? வாயால சொல்லித்தான் பார்த்தேன், எடுத்தாச்சுதானேன்னு. நீங்க கேக்கல. அதான் அமுக்கினேன்."

"ஃபோனு?"

"அதுவும்தான்."

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வேறு என்னவோ வந்தது. "நான் தோத்திருந்தா ஆவணிக்குக் கடைக்குப் போயிருப்பேன். அதானே உனக்கு வேண்டியிருந்துச்சு? சும்மா உக்காந்திருந்தாலே நான் தோக்கறதுக்கு ஆறுல ஒரு பங்கு சான்ஸ் இருந்துச்சே?"

"வேண்டியிருந்துச்சுதான்." அவள் ஒரு முடிச்சைப் போட்டு இழுத்து, சரிதானா என்று பார்த்தாள். "மொத வருஷம் தோத்தீங்க. அந்த வருஷம் பூரா கடைக்குப் போய்ட்டு வந்தது ஒங்க சட்டையும் பேண்ட்டும்தான். உள்ள ஆளு இல்ல. அந்த வெறும் சட்டைய இன்னொரு வருஷம் என்னால தொவைக்க முடியாதுன்னு தோணுச்சு."

தென்னேரிப் பெண் மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணி, அப்போ ஆஸை மடிச்சது நீங்களா?"

"நான் எங்கமா மடிச்சேன்? அமுக்கினேன்."

"ஒருத்தர் கையை இன்னொருத்தர் ஆடக் கூடாதுன்னு ரூல் இருக்குது, தெரியுமா?" என்றேன் நான், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

"போய் சொல்லிக் குடுங்க."

அந்தப் பெண் நகர்ந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "அடுத்த மாசம் எனக்கு ஒரு சாட்டிலைட் இருக்குதுண்ணி" என்று ஆரம்பித்தாள். என்னை இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகவே பிள்ளைகளா, கதையைத் திருத்திக்கொள்ளுங்கள். இரண்டு ஆஸை மடித்த ஆளைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னமும் நம் வீட்டுக்கு வரலாம். சுவரோரம், மெயின் சுவிட்சுக்குக் கீழே உட்கார்ந்திருப்பாள். கேட்கிறதை அவளிடம் கேளுங்கள். நான் டீ போட்டுக்கொண்டு வருகிறேன்.